எஃபி ஸ்னூக்கின் அடுக்களைக்கு வந்த கண்ணாடிக் கெட்டில்

எங்கள் மீனவ ஊரான கேனட் குடாவில் இன்று நிமிர்ந்து நிற்கும் வீடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்று அப்பா என்னைப் படகில் ஏற்றிவிட்டார். காட் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் கடலை மூடியபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. என் வயதுக்காரர்கள் உதவிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்து வைதுகொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. யாரும் சொல்லித் தராமல் தச்சு வேலை கற்றேன். ஊரைவிட்டுப் போனவர்கள் பலகை அடித்து மூடிய வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் செப்பனிட்டு, பனிப்பாறையும் திமிங்கிலமும் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டேன். ஹெட்லி ப்ளாக்டன் கட்டிய சுவர் சாய்ந்தது, அவன் போட்ட கூரை ஒழுகியது என்று இந்தக் கரையில் ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எஃபி ஸ்னூக்கைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவன் யார் என்று முதலில் தெரிய வேண்டும். படித்தவர்கள் யாரும் அவளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவர்கள் கண்ணுக்கு அவள் செய்ததெல்லாம் தேநீர் போட்டதுதானே.

எஃபி மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். மீனின் முதுகெலும்பை ஒரே இழுப்பில் எடுப்பாள். வாயும் அந்தக் கத்தி மாதிரிதான். அவள் கணவன் லோர் ஸ்னூக், படகுத்துறைக்கு மேலே பாறைமீது மஞ்சள் வீடு ஒன்றைக் கட்டினான். அவனுக்குத் தச்சு வேலை அவ்வளவாக வராது. படிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஆனால் அடுக்களையைப் பெரிதாகக் கட்டினான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ, ஊரே அந்த அடுக்களையில் கிடந்தது.

எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டுகிறவன் போலீஸ்காரன், இல்லையென்றால் வழி தெரியாமல் வந்தவன். மற்றவர்களெல்லாம் பின்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து அடுப்போரக் கட்டிலில் உட்காருவார்கள். உட்காரும்போதே எஃபி கெட்டிலை ஏற்றிவிடுவாள். யாருக்கு டின் பால் எவ்வளவு, யாருக்குக் கசக்கக் கசக்கச் சாயம், யாருடைய டாக்டர் சர்க்கரை கூடாது என்று சொல்லியிருக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் இரண்டு கரண்டி சர்க்கரை கேட்டால் ஒன்றுதான் போடுவாள்.

"உனக்கு எதுக்கு ஹெட்லி இன்னொண்ணு? உன்னப் பத்தி நீயே பேசிக்கும்போது நாக்குல தித்திக்கத்தானே செய்யுது?"

ஒரு நவம்பர் மாதம் படகு ஒன்று திரும்பி வரவில்லை. தேடப் போனவர்களும் சரி, காத்திருந்தவர்களும் சரி, தேவாலயத்துக்குப் போகவில்லை. எஃபியின் அடுக்களைக்குத்தான் வந்தார்கள். கரை ஒதுங்கிய படகுப் பலகையை என் தம்பி தூக்கிக்கொண்டு வந்து அவள் தரையில்தான் வைத்தான். அந்த நாட்களில் கெட்டில் அடுப்பைவிட்டு இறங்கவேயில்லை. யாரிடமும் ஆறுதலாக ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை. கோப்பையைக் கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

லோர் செத்தபிறகு அந்தப் பெரிய வீட்டை எண்ணெய் ஊற்றிச் சூடேற்ற அவளால் முடியவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"வீட்ட நீ எடுத்துக்க ஹெட்லி. வெளியூர்க்காரன் கையில குடுத்தா கோடையில ரெண்டு வாரம் இருந்துட்டுப் பூட்டிட்டுப் போயிடுவான்."

"நான் மட்டும் என்ன, அதுல படுத்துத் தூங்கவா போறேன்? வாடகைக்குத்தான் விடுவேன்."

"விடு. ஆளுங்க வரட்டும், போகட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். எனக்குக் கால் நடக்குற வரைக்கும் அந்தப் பின்கதவு தெறந்திருக்கணும். நான் பாட்டுக்கு உள்ள போவேன், கெட்டிலப் போடுவேன். யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

"பத்திரத்துல எழுதணுமா, என் வாய் வார்த்தை போதுமா?"

"இத்தன வருஷமா உன் வாயிலேருந்து வந்ததுல ஒண்ணாவது உருப்படியா இருக்கட்டும். போதும்."

கையடித்துக் கொடுத்தேன். மஞ்சள் வீட்டிலிருந்து இறங்கும் சந்தின் கீழே இருந்த லோரின் வலைக் கொட்டகையை அவளுக்கு ஒரு சின்ன வீடாக மாற்றிக் கொடுத்தேன். அதற்கு நான் கூலி வாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் வீட்டைச் சுத்தம் செய்வதும் படுக்கை விரிப்பதும் அவள் வேலை. ஆனால் அவள் வீட்டுக்குப் போனது அதற்காக அல்ல. விருந்தாளிகள் பெட்டியை இறக்கி வைத்து முடிப்பதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள். "குளிர்ல வந்திருக்கீங்க, உக்காருங்க ராசா, கொதிச்சிடும்" என்பாள். முதலில் திகைப்பார்கள். பிறகு எழுந்திருக்க மனசு வராது. போகும்போது இணையத்தில் பாராட்டு எழுதுவார்கள். கடலை விட, திமிங்கிலத்தை விட, அந்த அடுக்களையில் குடித்த தேநீர்தான் நினைவில் நிற்கிறது என்று ஒருத்தர் எழுதியிருந்தாராம். அதைப் படித்துக் காட்டியது கென்ட்ரா. என் மகன் டெரனின் மனைவி. கணினிக்கும் எனக்கும் ஒத்துவராது என்பதால் ஹாலிஃபாக்ஸிலிருந்து அவள்தான் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறாள். வீடுகள் என் பெயரில் இருக்கின்றன. இணையத்தில் சொந்தக்காரி அவள்.

இரண்டு கோடை இப்படிப் போனது. மூன்றாவது கோடையில் யாரோ விசில் கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திமிங்கிலம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர் வற்றி, அடி உருகி, அடுக்களை முழுக்கப் புகை. நல்லவேளை, நான் போட்ட கூரை. கென்ட்ரா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: தானாக அணைகிற மின்சாரக் கெட்டில்தான் வேண்டும். அதில் எனக்கும் மறுப்பில்லை. எஃபியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெரிய கடைகள் இருக்கிற கேண்டருக்குப் போனேன். கெட்டில் யாருடைய கையில் இருக்கப்போகிறதோ அவள்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் வரிசையாகக் கெட்டில்கள் இருந்தன. எஃபி ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து முஷ்டியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"கை போகாத கெட்டில எவ கழுவுவா?" என்று இரண்டை ஒதுக்கினாள். அடுத்ததை மூக்கருகே கொண்டுபோனாள். "இது பொம்மைக் கடை வாசம் வீசுது. எத்தன தடவ கொதிக்க வச்சாலும் டீயில பிளாஸ்டிக் இருக்கும்."

கடைக்காரப் பெண்ணிடம் திரும்பித் தண்ணீர் கேட்டாள்.

"குடிக்கவாம்மா?"

"ஊத்தித் தூக்கிப் பாக்க. வெறுங் கெட்டில் எல்லாமே எடை இல்லாமத்தான் இருக்கும்."

"இங்க அப்படியெல்லாம் செய்யறதில்லம்மா."

"காருன்னா ஓட்டிப் பாக்க விடுறீங்கல்ல? கார்ல எத்தன பேரு சூடு பட்டுக்கப் போறாங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு ஜாடியில் தண்ணீர் கொண்டுவந்தாள். எஃபி ஊற்றினாள், தூக்கினாள், சாய்த்தாள். ஒரு கெட்டிலின் வாய் வழியாகத் தண்ணீர் அடியில் வழிந்து அவள் மணிக்கட்டில் ஓடியது. "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு. மூக்கு ஒழுகுது" என்று நகர்த்தி வைத்தாள். கடைசியில் பெரிய மூடி போட்ட ஒரு ஸ்டீல் கெட்டில் கையில் நின்றது. கைப்பிடி வாட்டமாக இருந்தது, விசை கட்டைவிரலுக்கு எட்டியது, அளவுக்கோடு வெளியே தெரிந்தது.

"ஆறு பேருக்கு ஒரே கொதியில வரணும் ஹெட்லி. அஞ்சு பேரு குடிக்கிறத ஒருத்தன் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அது என்ன வரவேற்பு?"

நான் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கெட்டிலைக் காட்டினேன். அழகாகத்தான் இருந்தது. எஃபி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணாடியா? நம்ம ஊர்த் தண்ணிக்கா?"

அவள் சொன்னது சரி. எங்கள் தண்ணீர் மேட்டுச் சதுப்பிலிருந்து வருகிறது. குழாயைத் திறந்தால் தேயிலை போடாமலே தேநீர் நிறத்தில் விழும். குடித்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீரின் நிறமே அதுதான். வருகிறவர்களுக்கு அப்படியா?

"ஸ்டீல்னா கோப்பையில ஊத்துற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. கோப்பையில விழுந்தப்புறம் அது டீ. எல்லாத்தையும் எல்லார் கண்ணுலயும் காட்டிக்கிட்டு இருக்கணுமா என்ன?" என்றாள்.

ஸ்டீல் கெட்டிலை வாங்கி வந்தோம். அது அந்த அடுக்களையில் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே கண்ணாடிக் கெட்டில். கென்ட்ராவைக் கூப்பிட்டேன்.

"மாமா, போட்டோல அந்த ஸ்டீலு ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி தெரியுது. இதுல பட்டன அழுத்தினா நீல வெளிச்சம் வரும். கிரீன் டீக்கு ஒரு சூடு, காபிக்கு ஒரு சூடுன்னு வச்சுக்கலாம்."

"கொதிக்கிறதுக்கு ஒரே சூடுதாம்மா."

"வர்றவங்க நம்மள மாதிரி இல்ல மாமா."

அந்த 'நம்மள'வில் அவளையும் சேர்த்துக்கொண்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவள் எங்கள் கரையில் மொத்தமாக ஒரு வாரம் தங்கியிருப்பாளா என்பது சந்தேகம்.

எஃபி ஸ்டீல் கெட்டிலைத் தன் சின்ன வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கெட்டில் மஞ்சள் வீட்டில் நின்றது. நீல வெளிச்சத்தில் எங்கள் பழுப்புத் தண்ணீர் குமிழி விடுவதைப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒருமாதிரிதான் இருந்தது. விருந்தாளிகள் படம் பிடித்தார்கள். சாக்கடை என்று ஒருத்தர் எழுதினார். துருப்பிடித்த குழாய் என்று இன்னொருத்தர். என் குழாயில் துருவா? ஒவ்வொரு குழாயும் நான் படுத்துக்கிடந்து மாட்டியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் கேண்டரிலிருந்தே பாட்டில் தண்ணீரை அட்டைப்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எஃபி முன்பைவிட அடிக்கடி உள்ளே போக ஆரம்பித்தாள். "அது சதுப்போட நெறம் ராசா, எழுவது வருஷமா குடிக்கிறேன், பாரு, நிக்கிறேன்ல" என்று ஒவ்வொருத்தரிடமும் ஒரு கோப்பை குடித்துக் காட்டினாள். சிலர் குடித்தார்கள். சிலர் அவள் போனபிறகு தொட்டியில் ஊற்றினார்கள். காலிப் பாட்டில்களை அள்ளி வெளியே வைத்ததும் அவள்தான்.

ஆகஸ்டில் ஒன்டாரியோவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். வந்து இரண்டாம் நாள் மத்தியானம் எஃபி சந்து வழியாக இறங்கி என் பட்டறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. கட்டைமேல் உட்கார்ந்தாள்.

"ஹெட்லி, நான் யாருன்னு ஒருத்தன் கேட்டுட்டான்."

"யாரு?"

"மேல இருக்கிறவன். உள்ள போனேன். அடுப்போரக் கட்டில்ல படுத்துத் தூங்குறான். தூங்கட்டும், எழுந்திருக்கும்போது டீ தயாரா இருக்கும்னு பாத்தேன். கெட்டில்ல பாதி தண்ணி ஆறிக் கெடந்துச்சு. கொட்டிட்டுப் புதுசாப் புடிச்சுப் போட்டேன். அது ஒரு கொதிக்குச் சமையல்கட்டே அதிர்ற மாதிரி சத்தம் போடுதுல்ல, முழிச்சிட்டான். அரைக்கால் சட்டையோட எழுந்து நின்னுக்கிட்டு யாரு நீ, யாரு நீங்கறான். எஃபிங்கறேன். எஃபின்னா யாருங்கறான். அதுக்கு என்னத்த பதில் சொல்ல? பொறந்ததுலேருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"அப்புறம்?"

"உக்காரு ராசா, கொதிச்சிடும்னேன். அவன் பொண்டாட்டி மாடியிலேருந்து எறங்கி வந்தா. கெட்டிலப் பாத்தா. எங்க தண்ணி எங்கன்னா. கொட்டிட்டேன், ஆறினத மறுபடி கொதிக்க வச்சா டீ உயிரில்லாம இருக்கும்னேன். அது பாட்டில் தண்ணியாம். அழ ஆரம்பிச்சிட்டா."

"தண்ணிக்கா அழுதா?"

"தண்ணிக்குத்தான்."

நான் சிரித்தேன். சற்று நேரம் கழித்து அவளும் சிரித்தாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் எஃபி செய்ததைத்தான் செய்திருப்பார்கள். கெட்டிலில் பழைய தண்ணீர் கிடந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பது, வந்தவருக்குக் காட்டும் மரியாதை. அந்த இருவரும் சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது மறுநாள் கென்ட்ரா சொல்லித்தான் தெரிந்தது.

"வீட்டுக்குள்ள யாரோ புகுந்து, குடிக்கிற தண்ணிய மாத்தி வச்சிட்டாங்கன்னு புகார் குடுத்திருக்காங்க மாமா. இணையத்துல வாடகைக்கு விடற கம்பெனிக்காரங்க நம்ம வீட்ட நிறுத்தி வச்சிட்டாங்க."

"யாரோ இல்லம்மா. எஃபி."

"அவங்களுக்கு யாரோதானே."

"எஃபிக்கு அது அவ வீடு. பின்கதவு தெறந்திருக்கும்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

நான் என் கையால் நிமிர்த்திய வீட்டின் பின்கதவைப் பற்றி என்னைக் கேட்ட கேள்வி இது. டெரன் போனை வாங்கினான். அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததுகூட எஃபியின் அடுக்களைத் தரையில்தான்.

"அப்பா, கோவப்படாதீங்க. பின்கதவுக்கு நம்பர் பூட்டுப் போடணும். ஆள் தங்கியிருக்கும்போது யாரும் உள்ள போகக் கூடாது. இல்லேன்னா இந்த ஒரு வீடு இல்ல, நம்ம எல்லா வீட்டையும் தூக்கிடுவாங்களாம்."

"எஃபி அத்தைகிட்ட நீ வந்து சொல்லுடா."

"எனக்கு வேலை இருக்குப்பா."

எல்லாருக்கும் வேலை இருந்தது. பூட்டு தபாலில் வந்தது. வேறு யாரையாவது விட்டு மாட்டியிருக்கலாம்தான். ஆனால் பழைய கதவு, பலகை பிளந்துவிடும். அந்த மாதிரிக் கதவில் பூட்டைச் சரியாக உட்காரவைக்க இந்தக் கரையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. நானே துளை போட்டேன். எஃபி சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறி வந்தாள்.

"என்ன இது, கால்குலேட்டரா?"

"பூட்டு."

"ஓ."

"நம்பர உனக்குத் தர்றேன் எஃபி. ஆள் இல்லாதப்ப நீ எப்ப வேணா உள்ள போலாம்."

"ஆளில்லாத வீட்டுல யாருக்கு டீ போடச் சொல்ற?"

"கம்பெனிக்காரன் சட்டம். என் மேல என்ன தப்பு இருக்கு? நான் சண்ட போட்டுப் பாத்தேன். என் வாக்குல மாத்தம் இல்ல, கதவு உனக்குத் தெறக்கும், நம்பரு மட்டும்தான்…"

"ஹெட்லி ப்ளாக்டன் வாக்குத் தவறாதவன்னு ஊர் பூரா சொல்லிக்க. யாராவது எங்கிட்ட வந்து கேட்டா நானும் ஆமான்னு சொல்றேன்."

திருகாணியை முடுக்கி முடித்தேன். பூட்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

அதன்பிறகும் அவள் சுத்தம் செய்யப் போனாள். விருந்தாளிகள் போனபின் போவாள், வருவதற்குள் இறங்கிவிடுவாள். கண்ணாடிக் கெட்டிலைப் பழுப்புப் படியாமல் வினிகர் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். அதில் ஒருதடவைகூட அவள் தண்ணீர் வைக்கவில்லை. குளிர்காலத்தில் ஊரில் விளக்கெரிகிற வீடுகளைக் கையை விரித்தால் எண்ணிவிடலாம். இருப்பவர்களும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவளுடைய சின்ன வீட்டுக்கு யாரும் போய் உட்கார முடியாது. ஒரு நாற்காலிக்குத்தான் இடம். நான் போனால் நின்றுகொண்டு குடிப்பேன்.

வசந்தத்தில் கென்ட்ரா கூப்பிட்டாள். குரலில் தேன் வழிந்தது.

"மாமா, பழைய பாராட்டெல்லாம் படிச்சிட்டு, டீ போடற அம்மா இருக்காங்களான்னு கேக்கறாங்க. ஒரு யோசனை. உள்ளூர் அம்மாவோட மூணு மணி டீன்னு போட்டுடலாம். வேணும்கிறவங்க முன்னாடியே பதிவு பண்ணிக்குவாங்க. அந்தம்மா கதவத் தட்டிட்டு உள்ள போகணும், அவ்வளவுதான். அவங்களுக்கும் கொஞ்சம் காசு."

ஒருவிதத்தில் இது என் வெற்றி என்றுதான் நினைத்தேன். நான் விடாமல் பிடித்து நின்றதால்தானே கதவு மறுபடி திறந்தது. எஃபியிடம் அப்படித்தான் சொன்னேன். காசு விஷயத்தைச் சொல்லவில்லை; அவள் வாய்க்கு நான் பயப்படுகிறவன் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. அவள் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே கேட்டாள். நிமிராமல், "எத்தன பேரு?" என்றாள்.

"நாலு பேரு."

"வெல்லப்பாகு ரொட்டி போட்டு எடுத்துட்டு வர்றேன்."

அன்றைக்கு நான் மஞ்சள் வீட்டின் பின்படியில் லோர் வைத்த கோணல் பலகையை மாற்றிக்கொண்டிருந்தேன். எஃபி நல்ல ஸ்வெட்டர் போட்டு, தலைசீவி, ரொட்டித் தட்டைத் துணி போட்டு மூடி எடுத்து வந்தாள். கதவுக்கு முன்னால் நின்றாள். விரல் மடக்கித் தட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் டொரோண்டோக்காரர்கள். நல்லவர்கள்தான், கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் திறந்திருந்தது, எல்லாம் காதிலும் விழுந்தது, கண்ணிலும் பட்டது. யாரும் உட்காரவில்லை. போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எஃபி கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பழுப்பைப் பார்த்ததும் ஒரு பெண், தங்களிடம் பாட்டில் இருக்கிறது என்று மாற்றி ஊற்றிவிட்டு, பட்டனையும் தானே அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கெட்டில் சத்தம் நின்றது.

"கொதிக்கலியே கண்ணு," என்றாள் எஃபி.

"கொதிக்கக் கூடாதும்மா. என்னோட இலைக்குக் கொதி ஆகாது."

யாருக்கு எப்படி வேண்டும் என்று எஃபி ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருத்தருக்குப் பால் ஆகாது. ஒருத்தர் தன் மூலிகைப் பொட்டலத்தை எடுத்தார். ரொட்டியைப் படம் பிடித்தார்கள். ஒருத்தர் மட்டும் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"நீங்க நிஜமாவே இந்த ஊர்க்காரங்களா?" என்று வயதான மனிதர் கேட்டார்.

"இல்ல ராசா. கம்பெனியிலேருந்து அனுப்பி வச்சாங்க."

அவர் அதை நம்பித் தலையாட்டினார். எனக்குச் சுத்தியல் நழுவியது.

அவள் கோப்பைகளைக் கழுவித் துடைத்து முடித்ததும் அந்த மனிதர் ஒரு நோட்டை மடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் பக்கம் தேநீருக்குக் காசு என்பது கிடையாது. பிணம் எடுக்க வந்தவனுக்கும் கிடையாது, பெண் பார்க்க வந்தவனுக்கும் கிடையாது. எஃபி நோட்டைச் சர்க்கரைக் கிண்ணத்தின் அடியில் வைத்தாள். "மறந்துட்டீங்க" என்றாள். அவர் அதைப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். முகம் சிவந்து, பர்ஸைத் திறந்து இன்னொரு நோட்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அவள் வெளியே வந்தாள். தட்டை உள்ளேயே விட்டுவிட்டாள். புதுப் பலகையில் கால் வைத்து இறங்கினாள்.

"என்ன எஃபி?"

"இன்னொண்ணு சேத்து வச்சான் ஹெட்லி."

அவ்வளவுதான் சொன்னாள். சந்தில் இறங்கிப் போய்விட்டாள்.

லூயிஸ்போர்ட்டில் அவள் தங்கை ட்ரூசிலா இருக்கிறாள். வா வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். செப்டம்பரில் எஃபி கிளம்பினாள். இது தெரிந்ததும் நான் மஞ்சள் வீட்டுக்குப் போய்ப் பூட்டைக் கழற்றி எறிந்தேன். கம்பெனிக்காரன் என்ன செய்தாலும் செய்யட்டும் என்று கென்ட்ராவிடம் கத்தினேன். இந்த வயதில் என்னைப் போல் கத்த யாருக்கும் தைரியம் வராது. பிறகு சந்தில் இறங்கி எஃபியிடம் போனேன். இரண்டு பெட்டிதான் கட்டியிருந்தாள்.

"பூட்டக் கழட்டிட்டேன்."

"பாத்தேன்."

"கதவு தெறந்திருக்கு எஃபி. முன்ன மாதிரியே."

"உள்ள இருக்கிறவன் நாற்காலிய முட்டுக் குடுத்து வச்சிருக்கான். ஜன்னல்ல தெரியுது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருந்தான். நான் செய்த நாற்காலி. எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டது நான்தான். வழியில் அவள் ஒரே ஒருமுறை பேசினாள். "உன்னக் குத்தம் சொல்றேன்னு நெனச்சிக்காத. சொல்லணும்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பேன், உனக்குத் தெரியும்." எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் திட்டியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

கம்பெனிக்காரன் வீட்டைத் தூக்கவில்லை. கென்ட்ரா வேறு பூட்டை அனுப்பினாள். அதை ஒரு மின்சாரக்காரன் கோணலாக மாட்டிவிட்டுப் போனான். வீடு அக்டோபர் வரை ஒருநாள்கூடக் காலியில்லை. வீடு சுத்தம், கெட்டில் சீக்கிரம் கொதிக்கிறது, அக்கம்பக்கம் தொந்தரவில்லை என்று எழுதுகிறார்களாம்.

குளிர் தொடங்குவதற்கு முன்னால் லூயிஸ்போர்ட்டுக்கு ஒருமுறை போனேன். ட்ரூசிலாவின் அடுக்களை சின்னது, பளபளப்பானது. எஃபி சுவரோரம் ஒரு நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவள் போல் உட்கார்ந்திருந்தாள். நான் கூரை, படி, மீன் விலை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நான் என்னைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசியும் அவள் ஒன்றைக்கூட மடக்கவில்லை. ட்ரூசிலா ஒரே தேயிலைப் பையை மூன்று கோப்பைக்கும் மாற்றி மாற்றி முக்கினாள்.

"உங்க ஊர்ல இவளப் பெரிய வாயாடின்னு சொல்லுவீங்களே அண்ணே," என்றாள் ட்ரூசிலா. "இங்க வந்ததுலேருந்து குடுத்தா குடிக்கிறா, குடுக்கலேன்னா கேக்கறதில்ல."

எஃபி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடித்தாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு ட்ரூ," என்றாள்.

எனக்கு வைத்த கோப்பையைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.